பழைய அவுட்போர்டு மோட்டார்: பிரித்துக் கட்டுவதா, புதிது வாங்குவதா?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வயதாகித் திணறத் தொடங்கும்போது அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முழு த்ராட்டில் கொடுத்தாலும் பழைய வேகம் இருக்காது. காலையில் கிளப்புவதற்குள் பேட்டரி சோர்ந்துவிடும். ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும். மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் போயிடுச்சு, இன்ஜின் வேலை பார்க்கணும்" என்பார். பக்கத்தில் நிற்கும் நண்பர், "இதுக்குக் கொட்டுற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்பார். இருவருமே பேசுவது பவர்ஹெட்டைப் பற்றி, அதாவது மூடிக்குள் இருக்கும் இன்ஜினைப் பற்றி மட்டும்தான்.

பவர்ஹெட்டைப் புதிதாக்குவதற்கு அநேகமாக எப்போதும் ஏதாவது வழி இருக்கும். போர் போடலாம் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கலாம்), பிஸ்டன் மாற்றலாம், வேறு பவர்ஹெட்டே தூக்கி வைக்கலாம். ஆகவே "கட்ட முடியுமா" என்று கேட்டால் எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த இன்ஜின் எதனால் கெட்டது? கட்டி முடித்தபின், அந்தப் புது இன்ஜினைச் சுற்றி மிஞ்சப்போகும் பழைய பாகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். பதிலைத் தேடும் வரிசை கீழே.

படி 1: நோய் உண்மையானதா என்று பாருங்கள்

பவர் குறைந்துவிட்டது என்று வரும் மோட்டார்களில் கணிசமானவற்றுக்கு இன்ஜின் வேலையே தேவைப்படாது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் கார்புரேட்டர் ஜெட்டில் பிசினாகப் படிந்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால், அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தனியாகத் தங்கும். அதை உறிஞ்சும் இன்ஜின் இருமத்தான் செய்யும். எரிபொருள் குழாயின் உள்சுவர் உரிந்து வால்வு போல அடைப்பதும் உண்டு. கையால் அமுக்கும் பிரைமர் பல்ப் ஓடும்போது உள்வாங்கிச் சப்பையானால், டேங்கிலிருந்து பல்ப் வரையுள்ள வழியில் எங்கோ அடைப்பு.

இன்னும் எளிய காரணங்களும் இருக்கின்றன. புரொப்பல்லரின் நடு ரப்பர் வழுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், படகு நகராது. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஏறியிருந்தால் நல்ல மோட்டாரும் கிழடாகத் தெரியும். புதிய பெட்ரோல் நிரப்பிய தனி டேங்க், புதிய ஸ்பார்க் பிளக், புதிய ஃபில்டர் ஆகிய மூன்றோடும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் குறை இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: கம்ப்ரஷனை ஒழுங்காக அளவிடுங்கள்

கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். இதை அளக்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். சரியாகச் செய்பவர்கள் குறைவு. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். கில் ஸ்விட்ச் கயிற்றை எடுத்து இக்னிஷனைத் துண்டித்து, பிளக் வயர்களை இன்ஜின் உடலோடு எர்த் செய்துவிட வேண்டும். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் காற்று உள்ளே போகாமல் அளவு பொய்யாகக் குறையும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் முள் ஏறி நிற்கும்வரை, ஒரே எண்ணிக்கையில் சுற்றவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவும் 90-லிருந்து 130 பி.எஸ்.ஐ. வரை காட்டும். நான்கு ஸ்ட்ரோக் பொதுவாக அதைவிட அதிகம். ஆனால் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். கேஜுக்குக் கேஜ் வித்தியாசம் வரும். மாடலுக்கு மாடல் அளவு மாறும். சில நான்கு ஸ்ட்ரோக்கில் கிளப்புவதை எளிதாக்க அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பும் உண்டு. சிலிண்டர்களுக்குள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 15 சதவீதத்தைத் தாண்டினால் விசாரணை தேவை. எல்லாமே ஒரே அளவில் சற்றுக் குறைந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். அப்படிப்பட்ட மோட்டார் இன்னும் சில வருடம் ஓடக்கூடும். நான்கில் மூன்று 115 காட்டி ஒன்று மட்டும் 70 காட்டினால் அந்தச் சிலிண்டருக்குத் தனியாக ஏதோ நடந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பிஸ்டன் வேலையைவிடப் பல மடங்கு சிறிய வேலை.

குறைந்த சிலிண்டரைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிடவும் வேண்டாம். கார்பன் படிந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் குறையும். கார்பன் நீக்கும் திரவத்தை பிளக் துளை வழியாக ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, மீண்டும் கிளப்பிப் புகையெல்லாம் போனபின் அளந்தால் சில சமயம் அளவு மீண்டுவிடும். செலவு ஒரு டப்பா மருந்து. இதைச் செய்து பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் என்றால் லீக்டவுன் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, அது எங்கே தப்புகிறது என்று காது கொடுப்பார்கள். காற்று உள்ளே வரும் வழியில் சீறினால் இன்டேக் வால்வு. புகைக்குழாய்ப் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். வால்வு மட்டும்தான் என்றால் ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். அடியிலுள்ள பிளாக்கைத் தொட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. குளிரில் குறைந்த வேகத்திலேயே நெடுநேரம் ஓடும் நான்கு ஸ்ட்ரோக்கில், எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து ஆயில் மட்டத்தை உயர்த்தும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். அதை மட்டும் வைத்து ரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது.

படி 3: எதனால் கெட்டது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் கட்டிய இன்ஜின் அதே காரணத்தால், அதே சிலிண்டரில், பெரும்பாலும் பழையதைவிட வேகமாகவே கெடும்.

கழற்றிய பிளக்குகளை வரிசையாக வையுங்கள். பீங்கான் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை. முனையில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. துரு தெரிந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

பிறகு பிளக் துளை வழியாக போர்ஸ்கோப் கேமராவை விடுங்கள். போனில் செருகும் மலிவான கேமராவே போதும். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய ஹோனிங் (சாணை) கோடுகள் இன்னும் தெரிந்தால் தேய்மானம் குறைவு. மேலும் கீழுமாக நகத்தில் சிக்கும் ஆழமான கீறல் இருந்தால் போர் போட்டே ஆக வேண்டும். பிஸ்டன் தலை மற்றவற்றில் கறுத்திருக்க, ஒன்றில் மட்டும் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று இருந்தால் அங்கே தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, கேஸ்கட் கசிகிறது. பிஸ்டன் தலையின் விளிம்பு எலி கடித்ததுபோல அரிக்கப்பட்டிருந்தால் அது டெட்டனேஷன், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்ததன் அடையாளம். காரணம் தரமற்ற பெட்ரோல், முந்திவரும் ஸ்பார்க் டைமிங், மெலிந்த கலவை, மோட்டாருக்குப் பொருந்தாத கனமான புரொப்பல்லர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. புகை வெளியேறும் பக்கம் மட்டும் கீறியிருந்தால் அதிச்சூட்டையோ ஆயில் குறைவையோ சந்தேகியுங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒரே ஒரு சிலிண்டர் உருகுவதற்குக் காரணங்கள் அநேகமாக இவைதான்: அந்தச் சிலிண்டரின் கார்புரேட்டர் அடைப்பு, கிராங்க் சீல் வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே வரும் காற்று, ஆயில் இன்ஜெக்‌ஷன் குழாயின் அடைப்பு, பழுதான ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து கீறியிருந்தால் பொதுவான காரணம்: தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர் தேய்ந்து குளிர்நீர் வரவில்லை, அல்லது ஆயில் பம்ப்பே நின்றுவிட்டது.

"காரணத்தைக் கண்டுபிடித்தாயிற்று, அது மலிவாகச் சரியாகும்" என்று சொல்ல முடிந்தால் கட்டும் பக்கம் தராசு சாயும். "காரணம் தெரியவில்லை, ஆனால் புது பிஸ்டன் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உப்புநீரில் மூழ்கிய மோட்டார் தனி ரகம். உடனே நன்னீரில் கழுவி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலிட்டு அன்றே ஓடவிட்டிருந்தால் பிழைத்திருக்கும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்திருந்தால் கிராங்க் பேரிங்குகளில் துருக்குழி விழுந்திருக்கும். மேலே பிஸ்டன் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கவும் கூடும்.

படி 4: லோயர் யூனிட்டைத் திறந்து பாருங்கள்

லோயர் யூனிட் என்பது நீருக்கடியில் புரொப்பல்லரைச் சுற்றும் கியர் பெட்டி. அதன் கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பலர் இதைக் கண்டதும் பதறுவார்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் சுற்றிய தூண்டில் நரம்பு சீலை அறுத்ததுதான் பெரும்பாலும் காரணம். எவ்வளவு காலமாகத் தண்ணீர் இருந்தது என்பதே கேள்வி. ஆயில் வடிக்கும் துளையை மூடும் காந்தத் திருகில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் இரும்புச் சில்லுகள் இருந்தால் கியரோ பேரிங்கோ போய்விட்டது.

ஆயிலை வடித்த நிலையில் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்து, ஷாஃப்டுகளைச் சுற்றிக்கொண்டே சில நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். நியூட்ரலில் வைத்து புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றும்போது நுனி ஆடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. வேகமெடுக்கும்போது கியர் தானாக வழுக்கி வெளியே வருகிறது என்றால் உள்ளே கியரைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச் டாக் பற்கள் மழுங்கியிருக்கின்றன. பவர்ஹெட்டும் லோயர் யூனிட்டும் ஒரே நேரத்தில் வேலை கேட்கும் மோட்டாரைக் கட்டுவது அரிதாகவே கணக்குக்கு ஒத்துவரும்.

படி 5: நடுப்பகுதியை, முக்கியமாக உப்பை, சோதியுங்கள்

பவர்ஹெட்டுக்கும் லோயர் யூனிட்டுக்கும் நடுவே இருக்கும் பகுதியை யாரும் கவனிப்பதில்லை. உப்புநீர் மோட்டார்களின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து. மோட்டாரின் உடல் அலுமினியம். போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்புநீரில் இரண்டும் சேர்ந்திருந்தால் அலுமினியம் தன்னைக் கொடுத்து வெள்ளைப் பொடியாக மாறும். அந்தப் பொடி போல்ட்டைச் சுற்றி சிமென்ட் போலப் பிடித்துக்கொள்ளும். கழற்றப்போனால் போல்ட் தலை தனியாக வரும். உடைந்த ஒவ்வொரு போல்ட்டையும் சூடுகாட்டி, துளையிட்டு, புது மரை வெட்டி எடுக்க ஆகும் கூலியை எந்த மெக்கானிக்கும் முன்கூட்டி எழுதித் தர மாட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பலிக்கும்.

ஆகவே இன்ஜினை இறக்க ஒப்புக்கொள்ளும் முன் ஒரு சின்னச் சோதனை. தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். மென்மையாக வந்தால் நல்ல சகுனம். முதல் போல்ட்டே முறிந்தால் உள்ளே காத்திருப்பவை எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும். மூடி திறந்ததும் தண்ணீர் ஓடும் பாதையைப் பாருங்கள். உப்பு பாறையாகப் படிந்து வழியைச் சுருக்கியிருக்கிறதா? அலுமினியச் சுவர் மெலிந்து குழிவிழுந்திருக்கிறதா? படிந்த உப்பைக் கரைக்கலாம். மெலிந்த சுவருக்கு மருந்து இல்லை.

பிற இடங்கள்: படகில் மாட்டும் கிளாம்ப் பிராக்கெட்டில் விரிசல் உண்டா, மோட்டாரைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் சுழல் அச்சில் ஆட்டம் உண்டா, ஸ்டீயரிங் இறுகிவிட்டதா, மோட்டாரைத் தூக்கும் டில்ட் சிலிண்டரில் ஆயில் கசிகிறதா, தூக்கி வைத்த மோட்டார் ஓர் இரவில் தானாக இறங்குகிறதா. புகை இறங்கும் நடுக்குழாய் உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்திருந்தால், கடும் சூட்டோடும் ஈரத்தோடும் வரும் புகை போகக் கூடாத இடத்துக்குப் போகும்.

மோட்டாருக்குப் பதிலாகத் தாமே கரைந்து அதைக் காக்கும் அனோடு கட்டிகளைப் பார்த்தால் முந்தைய உரிமையாளரின் குணமே தெரியும். உப்புநீரில் துத்தநாகம் அல்லது அலுமினிய அனோடு, நன்னீரில் மெக்னீசியம் என்பது பொது விதி. பாதி கரைந்த அனோடு தன் வேலையைச் செய்திருக்கிறது. வருடக்கணக்கில் ஓடியும் கரையாமல் புத்தம் புதிதாக இருக்கும் அனோடுக்கு மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது அது மோட்டார் உடலோடு தொடர்பே இல்லாமல் இருக்கும். அப்படியென்றால் கரைந்தது மோட்டார்தான்.

முழுக்க ஏரி, ஆறு என்று நன்னீரிலேயே ஓடிய மோட்டார் என்றால் இந்தப் படியைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். முப்பது வயது நன்னீர் மோட்டாரின் நடுப்பகுதி, பத்து வயது உப்புநீர் மோட்டாரைவிட நன்றாக இருப்பதில் வியப்பில்லை. வயதை மட்டும் கேட்டு முடிவெடுப்பது தவறு என்பதற்கு இதுவே போதும்.

படி 6: மின்சாரமும் உதிரி பாகமும்

மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர், ஸ்பார்க்கை இயக்கும் சி.டி.ஐ. பெட்டி, வயரிங், மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர் இவை வயதோடு விரிசல் விடும். இன்ஜெக்‌ஷன் மோட்டார் என்றால் இ.சி.யு.-வை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை) கம்ப்யூட்டரில் இணைத்து அறிக்கை எடுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், எந்த ஆர்.பி.எம்.-இல் எவ்வளவு நேரம், அதிச்சூடு எச்சரிக்கை வந்ததா என்பதெல்லாம் பல மாடல்களில் பதிவாகியிருக்கும். பொழுதுபோக்குப் படகுகள் பெரும்பாலும் வருடத்துக்கு 50-லிருந்து 100 மணி நேரம்தான் ஓடுகின்றன. 15 வயது மோட்டாரில் 900 மணி நேரம் காட்டினால் அது இயல்பு.

பாகம் கிடைக்குமா என்பதைக் கடைக்காரரின் "கிடைச்சிடும் சார்" என்ற வாக்கில் விடாதீர்கள். பிஸ்டன், ரிங், முழு கேஸ்கட் செட், கிராங்க் சீல், வாட்டர் பம்ப் கிட், சி.டி.ஐ. அல்லது இ.சி.யு., இன்ஜெக்டர், கியர் செட் என்று பட்டியல் போட்டு, பார்ட் நம்பரோடு ஒவ்வொன்றும் இன்று இருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். யமாஹா என்டியூரோ போன்ற எளிய, உலகெங்கும் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக்குகளுக்கு இது கவலையே இல்லை. கிரைஸ்லர், ஃபோர்ஸ் போன்ற எப்போதோ நின்றுபோன பெயர்கள் என்றால் பழைய மோட்டாரை உடைத்து விற்பவர்களைத்தான் நம்ப வேண்டும். எவின்ரூட் மோட்டார் தயாரிப்பை பி.ஆர்.பி. நிறுவனம் 2020-ல் நிறுத்திவிட்டது. அந்த மோட்டார் வைத்திருப்பவர்கள் இன்ஜெக்டரும் இ.சி.யு.-வும் கிடைப்பதை உறுதி செய்த பிறகே பிஸ்டனைப் பற்றிப் பேச வேண்டும். பொதுவாகவே, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இரண்டு ஸ்ட்ரோக்கில் எரிபொருள் பாகங்களின் விலை, பிஸ்டன் வேலையை விழுங்கிவிடும்.

படி 7: கட்டுவதென்றால் எந்த அளவுக்கு?

ஒரே சொல்லை நான்கு வேலைகளுக்குப் பயன்படுத்துவதால்தான் விலை ஒப்பீடு குழம்புகிறது. ஹோன் செய்து ரிங்கும் கேஸ்கட்டும் மாற்றுவது ஒன்று. போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டு, கிராங்க் பேரிங்கும் சீலும் மாற்றுவது இன்னொன்று. தொழிற்சாலை முறையில் புதுப்பித்த பவர்ஹெட்டை வாரண்டியோடு வாங்கி மாட்டுவது மூன்றாவது. உடைந்த படகிலிருந்து எடுத்த பழைய பவர்ஹெட்டை மாட்டுவது நான்காவது. நான்காவது சூதாட்டம், மோட்டார் ஓடும்போது கண்ணால் பார்த்து, கம்ப்ரஷன் அளந்து வாங்கினால் ஒழிய நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிலிண்டரின் உள்சுவர் எதனால் ஆனது என்று கேளுங்கள். இரும்பு ஸ்லீவ் என்றால் போர் போடலாம். நிக்கல் சிலிக்கான் போன்ற பூச்சு கொடுத்த அலுமினியச் சுவர் என்றால் வழக்கமான போர் வேலை செல்லாது. மீண்டும் பூச்சு ஏற்ற வேண்டும், அல்லது ஸ்லீவ் இறக்க வேண்டும். இரண்டையும் எல்லாப் பட்டறையும் செய்வதில்லை.

மெக்கானிக்கிடம் வாங்க வேண்டியது வாய்வார்த்தை அல்ல, எழுத்து. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டத்தையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் அளந்த எண்கள், எந்தெந்தப் பாகம் புதிது, கூலி தனியாக, உடையும் போல்ட்டுக்கு யார் பொறுப்பு, எத்தனை மாத உத்தரவாதம். "ஒரு சிலிண்டருக்கு மட்டும் பிஸ்டன் போட்டால் போதுமே" என்று அவர் சொன்னால் அது ஏமாற்று என்று எண்ண வேண்டாம். இரண்டு ஸ்ட்ரோக்கில் மற்ற சிலிண்டர்களின் அளவு எல்லைக்குள் இருந்தால் அது நியாயமான யோசனைதான்.

படி 8: புதியதற்கு ஆகும் உண்மையான செலவு

விலைப்பட்டியலில் இருப்பது மோட்டாரின் விலை மட்டும். புதியது வந்தால் கன்ட்ரோல் பெட்டியும் கேபிளும், சாவி ஸ்விட்சும், மீட்டர்களும் பல சமயம் மாறும். கியர் விகிதம் வேறு என்பதால் பழைய புரொப்பல்லர் பொருந்தினாலும் ஒத்துப்போகாது. இன்ஜெக்‌ஷனுக்குத் தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் நீளம் 15, 20, 25, 30 அங்குலங்களில் வருகிறது. பின்பலகையின் உயரத்தை நீங்களே அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எடையும் கவனிக்க வேண்டியது. 40 எச்.பி. பழைய இரண்டு ஸ்ட்ரோக் 75 கிலோவுக்குள் இருக்கும். அதே திறனுள்ள நான்கு ஸ்ட்ரோக் 100 கிலோவை நெருங்கும். சிறிய படகின் பின்முனையில் 25 கிலோ கூடினால் தளத்துத் தண்ணீர் வெளியேறும் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடக்கூடும். பெரிய மோட்டார்களில் இந்த இடைவெளி குறைவு.

பின்பலகை உளுத்திருக்கிறதா என்பதைப் புதிய மோட்டாருக்குப் பணம் கட்டும் முன்பே பாருங்கள். மோட்டாரைப் பாதி தூக்கிவைத்து அதன் அடிப்பகுதியை மேலும் கீழும் அழுத்தும்போது பலகை வளைந்தால், அல்லது சுத்தியலால் தட்டும்போது ஓர் இடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால், உள்ளே மரம் ஈரம் குடித்திருக்கிறது. அப்போது கேள்வியே மாறிவிடும்: இந்தப் படகு ஒரு புதிய மோட்டாருக்குத் தகுதியானதா?

படி 9: கணக்கு

கட்டும் செலவு புதிய மோட்டார் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதை வாங்கு என்பது பலரும் சொல்லும் விதி. தோராயமாகச் சரி; ஆனால் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோம் என்பதை அது கேட்பதே இல்லை.

புதிய மோட்டார் விலையை 100 என்று வைப்போம். மாட்டும் செலவு 18, பழையதை விற்று வருவது 8. ஆக 110. கட்டுவதற்கு 35, கூடவே வாட்டர் பம்ப், கார்புரேட்டர், சீல்கள் என்று சுற்றுவேலைக்கு 15. ஆக 50. கட்டிய இன்ஜின் 700 மணி நேரம், புதியது 2,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்தால், மணிக்குச் செலவு முறையே 0.071, 0.055. புதியதே மலிவு என்று தோன்றும்.

வருடம் 50 மணி நேரம் மட்டும் ஓட்டுபவர் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. அவருக்கு 2,000 மணி நேரத்தைத் தீர்க்க நாற்பது வருடம் ஆகும். அதற்குள் மோட்டாரை முடிப்பது வயதும் உப்பும்தான். அவருடைய தேவை அடுத்த பத்து வருடத்துக்கு 500 மணி நேரம். அதைக் கட்டிய இன்ஜினே தாங்கும். அவருக்கு 50-க்கும் 110-க்கும்தான் போட்டி. பத்து வருடம் கழித்துப் புதியதை விற்றால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் 110-லிருந்து கழித்துக்கொள்ளலாம்.

அடுத்து எரிபொருள். கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக், உள்ளே வாங்கும் பெட்ரோலில் கால் பங்குக்கும் மேல் எரிக்காமலே வெளியே தள்ளக்கூடியது. நிதானமான வேகத்தில் பழையது மணிக்கு 20 லிட்டரும் புதிய நான்கு ஸ்ட்ரோக் 14 லிட்டரும் குடிக்கிறது என்று வைப்போம். 50 மணி நேரக்காரருக்கு வருடம் 300 லிட்டர் மிச்சம். தொழிலுக்காக 500 மணி நேரம் ஓட்டுபவருக்கு 3,000 லிட்டர். பின்னவருக்கு எரிபொருள் மிச்சமே மோட்டாரின் விலையில் ஒரு பெரும் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதோடு மோட்டார் பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வருமான இழப்பு. ஆகவே அதிகம் ஓட்டுபவர் புதிதை நோக்கியும், குறைவாக ஓட்டுபவர் கட்டுவதை நோக்கியும் சாய்வது சரி. நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: வார இறுதியில் மட்டும் படகு எடுப்பவர் புதிது வாங்குகிறார், தினமும் ஓட்டுபவர் மூன்றாம் முறையாக பிஸ்டன் மாற்றுகிறார்.

கரையைவிட்டு வெகுதூரம், ஒரே மோட்டாரோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்குகள் எல்லாம் இரண்டாம் பட்சம். நம்பிக்கை இல்லாத மோட்டாரை அவர்கள் வைத்திருக்கவே கூடாது.

படி 10: முடிவெடுத்த பிறகு

கட்டியிருந்தால், கெட்டதற்கான காரணத்தை முதலில் தீர்த்துவிட்டே கிளப்புங்கள். இம்பெல்லர், தெர்மோஸ்டாட், ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம், எரிபொருள் குழாய் எல்லாம் புதிதாக இருக்கட்டும். ஆயில் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக்கில், வழக்கமான விகிதம் 50:1 என்றால், முதல் 10 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 25:1 சொல்வார்கள். அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லிக்குப் பதிலாக 40 மில்லி. உங்கள் மாடலின் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள். முதல் மணி நேரங்களில் முழு த்ராட்டில் வேண்டாம்; ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பத்து மணி நேரம் முடிந்ததும் கம்ப்ரஷனை மறுபடி அளந்து எழுதி வையுங்கள்.

புதிது வாங்கியிருந்தால், வழக்கமான சுமையோடு முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். எவ்வளவு ஏறுகிறது என்று, அதன் ஆரம்பப் பழக்கக் காலம் முடிந்ததும் பாருங்கள். பல நான்கு ஸ்ட்ரோக்குகளுக்கு 5,000 முதல் 6,000 வரை அனுமதி. மேல் எல்லையை எட்டாமல் திணறினால் புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். கடைக்காரர் கொடுத்த புரொப்பல்லரையே சகித்துக்கொண்டு ஓட்டினால், டெட்டனேஷனுக்கு வழிவிட்டு, இந்த மோட்டாரையும் சீக்கிரமே படி 2-க்குக் கொண்டுவந்துவிடுவீர்கள்.

பழைய மோட்டாரை எடைக்குப் போடாதீர்கள். நல்ல லோயர் யூனிட், ஸ்டேட்டர், டில்ட் பம்ப், மூடி இவை தனித்தனியாக விற்கும். அதே மாடலை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அவற்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். விற்கும்போது கம்ப்ரஷன் எண்களையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். வாங்குபவரின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.